திருடனுக்குக் கொடுத்த இருமல்

வளப்பூர் நாடு,
ஞாயிறு இரவு.

அன்புள்ள வனிதா டீச்சருக்கு,

சங்கீதா வணக்கத்துடன் எழுதுகிறேன். உங்களுக்கும் பாப்பாவுக்கும் உடம்பு தேவலையா? போர்வைக்குள் செல்போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன், வரி கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பா பக்கத்து அறையில்தான் படுத்திருக்கிறார்.

நீங்கள் பிரசவ விடுப்பில் போன பிறகும் எங்கள் பத்தாம் வகுப்பில் கதை வகுப்பு நிற்கவில்லை. ஆள் யார், அவருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது என்று நீங்கள் பலகையில் எழுதியதை யாரையும் அழிக்க விடவில்லை. அதன்படி திட்டம் போட்டு, மிளகு திருடுபவனைப் பற்றி ஒரு கதை எழுதினேன். பெற்றோர் கூட்டத்தில் படித்தேன். பாதிகூட முடியவில்லை, சின்னுசாமி மாமா எழுந்து, “தலையில துண்டுக் கட்டுன்னா அது என்னையத்தானுங்க சொல்லுது இந்தப் புள்ள!” என்று கத்தினார். அர்த்தனாரி பெரியப்பா, “கால இழுத்து நடக்கறது நானு. என்னையத்தான் திருடனாக்கியிருக்குது” என்றார். அப்பா என்னை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார். கதையில் வரும் திருடன் யாரென்று ஊருக்குச் சொல்லாவிட்டால் இனிப் பள்ளிக்கூடமே கிடையாது என்றார்.

இல்லாத ஆளை நான் எங்கிருந்து காட்டுவேன், டீச்சர்?

நேற்று கோயில் முன் ஊர் கூடியது. ஓர் ஆளை உண்டாக்கப் பலபேரிடம் கொஞ்சம் கொஞ்சம் எடுக்கலாம் என்று நீங்கள் சொன்னதைச் சொன்னேன். துண்டுக் கட்டு மாமாவுடையது, நடை பெரியப்பாவுடையது, இருமல் அப்பாவுடையது. “அட சாமி, என்ர இருமலையா திருடனுக்குக் குடுத்த?” என்று அப்பா கேட்டதும் பாவாயி அத்தை சிரித்துவிட்டாள். பிறகு எல்லாரும்.

பெரியப்பாவே, “செரி கண்ணு, அவன் புடிபட்டானா இல்லியா? அதச் சொல்லு” என்றார். மிச்சத்தைப் படித்தேன். திருடன் மிளகுக்கொடி படர்ந்த மரத்தின் உச்சியில் இருக்கும்போது தோட்டக்காரி வந்துவிடுகிறாள். மூங்கில் ஏணி வழுக்குகிறது. அதை உருவிவிட வந்தவள், இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறாள். அவ்வளவுதான் கதை.

“உருவியிருக்கோணும்!” என்றார் மாமா. “உழுந்தா செத்துருவான்டா, அவனுக்குப் புள்ளகுட்டி இருக்காதா?” என்று பெரியப்பா சண்டைக்குப் போனார். நான் எழுதவே எழுதாத பிள்ளைகளுக்காக, டீச்சர்! ஊர் இரண்டாகப் பிரிந்து இருட்டும்வரை வாதாடியது. என்னை ஒருவரும் திட்டவில்லை. நான் அங்கே நிற்பதையே மறந்துவிட்டார்கள். எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது.

திரும்பும் வழியில் அப்பா, “பள்ளிக்கூடம் போ. கதையும் எழுது. என்னைய மட்டும் எழுதாத சாமி” என்றார்.

நான் ஏனென்று கேட்கவில்லை. சண்டையில் அவர் யார் பக்கமும் பேசவில்லை. தோட்டக்காரி ஏணியைப் பிடித்த இடத்தில் அவர் தலை குனிந்ததை நான் மட்டும் பார்த்தேன்.

இன்றிரவு அப்பாவின் கதையைத் தொடங்கிவிட்டேன். கூடாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அப்பாவை ஊரில் யாருக்கும், அவருக்கே கூட, அடையாளம் தெரியாதபடி எழுதுவது எப்படி என்று சொல்லுங்கள், டீச்சர். நான் அவரைக் கெட்டவராக எழுத மாட்டேன்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
கு. சங்கீதா