விளக்கு வைத்த பிறகு வந்த வண்டி

மார்ச் 9, ஞாயிறு

அவர் போய் நாற்பத்தோரு நாள். தோல் கம்பெனியில் கொடுத்த டைரி, ஒரு எழுத்தும் எழுதாமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் எழுதுகிறேன். ஐந்தாவதோடு நின்ற படிப்பு. தப்பு இருந்தால் யார் பார்க்கப் போகிறார்கள்?

காலையில் எட்டு வீட்டுக்காரர்கள் தண்ணீர் எடுத்தார்கள். பாலாற்றங்கரையில் மற்ற கிணறெல்லாம் கரித்துப் போய் வருஷக்கணக்காகிறது. எங்களுடையது ஒன்றுதான் குடிக்கலாம். "கனகராஜ் ஒருத்தருக்கும் இல்லேன்னு சொன்னதில்ல" என்றார் அடுத்த வீட்டு முனவ்வர் அக்கா. நானும் சொல்ல மாட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

கிணற்றுப் பக்கத்தில் உப்பு மூட்டைகள் இன்னும் கிடக்கின்றன. பச்சைத் தோலிலிருந்து தட்டி எடுத்த உப்பு. கம்பெனி ஷெட்டுக்குக் கூரை மாற்றும்வரை பத்து நாள் இருக்கட்டும் என்று சூப்பர்வைசர் கவுஸ் பாஷா கேட்டார். தோஸ்த் ஆச்சே, இவரும் சரி என்றார். பத்து நாளுக்குள் இவரே போய்விட்டார். பாடை தூக்கின மனுஷனிடம் மூட்டையை எடு என்று எந்த வாயால் கேட்பது?

மார்ச் 13, வியாழன்

வெயில் காந்துகிறது, டிவியிலோ மழை என்கிறார்கள். பங்குனிகூடப் பிறக்கவில்லை. முன்பெல்லாம் இந்த மாசம் தூறல் விழாது. இப்போது நேரம் காலம் இல்லை, வந்தால் கொட்டித் தீர்க்கிறது. மனசு கேட்காமல் பாஷாவுக்கு போன் போட்டேன். "நாளைக்கே வர்றேன் அண்ணி" என்றார்.

மார்ச் 14, வெள்ளி

வந்தார். அப்போதுதான் விளக்கு ஏற்றியிருந்தேன். வாசலில் வண்டி.

"பாய், இன்னிக்கு வேணாம். வெள்ளிக்கிழமை, விளக்கு வெச்சப்புறம் உப்பு வெளிய போகக் கூடாது."

சிரித்தார். "அண்ணி, இது தோல் உப்பு. மோந்து பாத்தா உங்க லட்சுமியே மூக்கப் பொத்திப்பாங்க."

"எந்த உப்பானாலும் உப்புதானே. இந்த வீட்ட விட்டு இன்னும் இன்னா போகணும்?"

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. காலையில் வருவதாகச் சொல்லி வண்டியைத் திருப்பினார்.

மார்ச் 15, சனி

விடியும்போதே மழை. மூட்டைமேல் மூடியிருந்த தார்ப்பாயைக் காற்று தூக்கிப் போட்டிருந்தது. மூட்டையெல்லாம் பாதியாக இளைத்து, வெள்ளைத் தண்ணீர் ஓடி — கைப்பிடிச் சுவர் உடைந்த இடத்தில் கிணற்றுக்குள்ளே இறங்குகிறது. கையாலேயே மண்ணை அள்ளி அள்ளிப் போட்டேன். நிற்கவில்லை.

குடித்துப் பார்த்தேன். கரிக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

முனவ்வர் அக்கா வீட்டில் பால் திரிந்துவிட்டது. தெருவே என் வாசலில். "எல்லாம் அந்த பாஷா வேலை! மூட்டைய கொண்டாந்து போட்டான், திரும்பிப் பாத்தானா?" என்று எதிர்வீட்டு கோவிந்தசாமி கத்தினார். நானும் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். ஐயோ, ஆட்டினேனே.

மார்ச் 17, திங்கள்

பாஷா பம்பு செட்டோடு வந்து நாள் முழுக்க இறைத்தார். ஊறி வருவதும் உப்பு. கோவிந்தசாமி நின்று திட்டிக்கொண்டே இருந்தார். வெள்ளிக்கிழமையே வந்தேன் என்று பாஷா ஒரு வார்த்தை சொல்லவில்லை. போகும்போது மெதுவாக, "நீங்க பேசாம இருங்க அண்ணி. என் மேலயே இருக்கட்டும்" என்றார்.



மார்ச் 18, செவ்வாய்

தெருக்காரர்கள் பாஷா மேல் புகார் மனு எழுதுகிறார்களாம். நாளைக்கு என் கையெழுத்து வேண்டுமாம்.

மார்ச் 19, புதன்

வந்தார்கள். பேனாவைக் கையில் கொடுத்தார்கள்.

"அவரு வெள்ளிக்கிழமையே வண்டியோட வந்தாரு. நான்தான் எடுக்க விடல. விளக்கு வெச்சிட்டேன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

கோவிந்தசாமி சொன்னார்: "உப்பு உன் வீட்ல தங்கிச்சிம்மா. தண்ணி எங்க வீட்ட விட்டுப் போச்சு."

மனுவை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். முனவ்வர் அக்கா என்னைப் பார்க்கவேயில்லை.

மார்ச் 24, திங்கள்

பாஷா எட்டாவது நாளாக இறைக்கிறார். அந்தத் தண்ணீரில் பருப்பு போட்டுப் பார்த்தேன். வேகவில்லை.

ஏப்ரல் 2, புதன்

தண்ணீர் லாரி வந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து லாரிக்கு நான் நின்றதே இல்லை. வரிசை எங்கே ஆரம்பிக்கிறது என்றுகூடத் தெரியவில்லை. என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. கடைசியில் போய் நின்றேன்.

நடுவில் இருந்த முனவ்வர் அக்கா திரும்பிப் பார்த்தார். தன் குடத்தைக் காலால் கொஞ்சம் தள்ளினார்.

"வேணி, இங்க வெய்யி. கடைசில நின்னா கலங்கல்தான் வரும்."

பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். குடத்தை வைத்தேன்.