திரும்பிப் போவாள் என்று எழுதிக் கொடுத்தது

அன்புள்ள பெரியவளுக்கு,

சித்தி எழுதுகிறேன். இங்கே அப்பா, நான், உன் தங்கை மூவரும் சௌக்கியம். சின்னவளுக்கு மூன்று நாளாக மூக்கு ஒழுகுகிறது, அதையும் சௌக்கியத்தில்தான் சேர்த்திருக்கிறேன். நீயும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பி மேலே எழுதுகிறேன். இந்த உறைக்குள் இரண்டு கடிதங்கள் இருக்கும். ஒன்று இது. இன்னொன்று முத்திரை குத்தி அப்பாவும் நானும் கையெழுத்துப் போட்ட அழைப்புக் கடிதம், உன் விசா விண்ணப்பத்தோடு வைக்க வேண்டியது. அதை நீ முதலில் படித்துவிடுவாயோ என்று பயந்து இதை மேலே வைத்து கிளிப் போட்டிருக்கிறேன். ஏனென்றால் அதைப் படித்தால், இவள் என்ன, வா என்று சொல்லும்போதே எப்போது கிளம்புவாய் என்று கேட்கிறாளே என்றுதான் யாருக்கும் தோன்றும். போனில் சொல்லலாம் என்றால் அப்பா பிடுங்கிக்கொள்கிறார், அவர் விட்டால் சின்னவள் பிடுங்கிக்கொள்கிறாள். பத்து நாளாகத் தள்ளிப்போட்டு, இன்று கிளினிக்கில் டாக்டரம்மா உள்ளே ஒருவருடைய கடைவாய்ப்பல்லோடு போராடிக்கொண்டிருக்கும் நேரத்தில் முன்மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மெஷின் சத்தம் நிற்கும்வரை எனக்கு நேரம் இருக்கிறது.

அம்மாவோடு நீ இருக்கும் அந்த நாட்டு பாஸ்போர்ட் உனக்கு வந்த பிறகு, பிறந்த ஊருக்கு வரவே விசா வேண்டும் என்று ஆனதும் அப்பா படிவங்களை என் தலையில் கட்டிவிட்டார். லிப்ட் பழுது பார்க்கிற கைக்குப் பேனா பிடிபடாதாம், நான்தான் காலேஜ் படித்தவளாம். சரி என்று உட்கார்ந்தேன். உறவுமுறை என்ற கட்டத்துக்கு அவர்கள் கொடுத்திருந்த சொல் மாற்றாந்தாய். கதைகளில் அந்தச் சொல் வந்தால் அடுத்த வரியில் குழந்தையைக் காட்டுக்குத் துரத்திவிடுவார்கள். அதை ஈடுகட்டவோ என்னவோ, அழைப்புக் கடிதத்தை நாலு பக்கத்துக்கு எழுதித் தள்ளினேன். பின்பக்க அறைக்குப் பெயின்ட் அடித்தது, உனக்கென்று கட்டில் வாங்கிப் போட்டது, ஜன்னலோர மேசை, பூட்டு வைத்த அலமாரி (சாவி உன்னிடம்தான் இருக்கும், சின்னவளிடம் அல்ல), அடுத்த தெருவிலேயே நல்ல பள்ளிக்கூடம் இருப்பது வரை ஒன்று விடவில்லை. இது அவள் வீடு, எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கலாம் என்று முடித்தேன். அப்பா படித்துவிட்டு மூக்கை உறிஞ்சினார், கேட்டால் சின்னவளிடமிருந்து ஒட்டிக்கொண்டது என்றார்.

அதை விசா உதவி மையத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே காகிதம் சரிபார்க்கிற அக்கா மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு நாலு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். படித்துவிட்டு, ஏங்க, இது பாத்துட்டுப் போகச் சொல்ற லெட்டரா, தத்தெடுக்கற லெட்டரா என்று கேட்டார். ஏன் என்றேன். கட்டில், அலமாரி எல்லாம் போகட்டும், பள்ளிக்கூடத்த எதுக்குங்க எழுதுனீங்க, இதப் படிக்கற ஆபீசர் இந்தப் பொண்ணு வந்தா திரும்பிப் போகாதுன்னு ஒரே கோடா அடிச்சிடுவாரு, வர்றதுக்கு யாரும் காரணம் கேக்கறதில்ல, திரும்பிப் போறதுக்குத்தான் காரணம் காட்டணும் என்றார். ஒரு தடவை மறுத்துவிட்டால் அடுத்த தடவை இன்னும் கஷ்டமாம். அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து, அந்த அக்கா சொல்லச் சொல்ல ஒரே பக்கத்தில் வேறு கடிதம் எழுதினேன். இருபத்தாறு நாட்கள் மட்டும் தங்குவாள், பள்ளி திறக்கும் முன் திரும்பிவிடுவாள், அவளுடைய படிப்பும் வீடும் தாயும் அங்கேதான், இங்கே நிரந்தரமாகத் தங்கும் எண்ணம் அவளுக்கும் இல்லை, தங்க வைக்கும் எண்ணம் எங்களுக்கும் இல்லை. அந்தக் கடைசி வரியை எழுதும்போது கை ஓடவில்லை. வீட்டில் அப்பா அதைப் பார்த்துவிட்டு, எம் பொண்ணு எங்கிட்ட இருக்க மாட்டான்னு நானே கையெழுத்துப் போடணுமா, போடி என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். சாயங்காலம் வந்து போட்டார், அவர் அழுத்திய அழுத்தில் பேனா முனை காகிதத்தைத் துளைத்துவிட்டது. கடிதத்தின் கீழே ஒரு ஓட்டை இருக்கும், பூச்சி அரித்தது என்று நினைக்காதே.

பிறகு உன் அம்மாவின் சம்மதக் கடிதம் வேண்டும் என்றார்கள். அப்பா கேட்டால் பழைய பேச்சு எல்லாம் கிளம்பும் என்று நானே கேட்கிறேன் என்று சொல்லிவிட்டேனே தவிர, எனக்குக் கல்யாணமான இந்த ஐந்து வருஷத்தில் உன் அம்மாவோடு நான் தனியாகப் பேசியதே இல்லை. அப்பாயின்ட்மென்ட் கார்டின் பின்னால் என்னென்ன பேச வேண்டும் என்று குறித்துக்கொண்டு போன் செய்தேன். டியூட்டியில இருக்கேன், சொல்லும்மா என்றார்கள். அந்த ‘ம்மா’வில் நான் குறித்து வைத்ததெல்லாம் மறந்துபோய், உளறிக்கொட்டி எப்படியோ கேட்டுவிட்டேன். சிரித்துக்கொண்டே, திருப்பி அனுப்பிடுவீங்கல்ல என்றார்கள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. கையில் அந்த ஒரு பக்கக் கடிதம்தான் இருந்தது, அதை அப்படியே படித்துக் காட்டினேன். முடித்ததும், அந்த இருபத்தாறு நாள்னு வருதே, அத இன்னொரு தடவ படி என்றார்கள். படித்தேன். சரி, நாளைக்கே எழுதி அவகிட்ட குடுத்துடறேன், அவளுக்கு ராத்திரி போர்வைய உதைச்சுத் தள்ளற பழக்கம், பாத்துக்கோ என்று வைத்துவிட்டார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதிகாரிக்காக என்று நினைத்து நான் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதியது, உன் அம்மாவுக்கு எவ்வளவு தேவையாக இருந்திருக்கிறது. என் நாலு பக்கத்தை அவர்கள் கேட்டிருந்தால் உன்னை அனுப்பியிருப்பார்களா, சொல்லு. நானும் ஒருத்தியைப் பெற்றவள்தானே, நான் அனுப்பியிருக்க மாட்டேன்.

அதனால் வரும் பதினான்காம் தேதி நேர்காணலில், திரும்பிப் போவாயா என்று கேட்டால் தயங்காமல் போவேன் என்று சொல். அப்பா முகத்தை நினைத்துக்கொண்டு இழுக்காதே. அது பொய்யில்லை, அவருக்குத் துரோகமும் இல்லை. போட்டோவில் சிரிக்கக் கூடாதாம், காது இரண்டும் தெரிய வேண்டுமாம், முடியைப் பின்னால் இழுத்துக் கட்டிக்கொள். உன் அம்மாவின் கடிதத்தில் தேதி இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள். சின்னவள் உன்னை போனில் தோள்வரைக்கும்தான் பார்த்திருக்கிறாளா, அக்காவுக்குக் கால் இருக்கா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள், இருக்கிறது என்று சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறாள். சத்தம் நின்றுவிட்டது, டாக்டரம்மா கூப்பிடுகிறார்.

நல்லபடியாக விசா கிடைத்து நல்லபடியாக வந்து சேர வேண்டும், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. நீ இங்கிருந்து திரும்பிக் கிளம்பும் அன்று விமான நிலையத்துக்கு வரமாட்டேன் என்று அப்பா இப்போதே சொல்லிவிட்டார், டிக்கெட்கூட இன்னும் எடுக்கவில்லை. உன்னை நான்தான் கூட்டிக்கொண்டு போவேன். மூன்று மணி நேரம் முன்னாலேயே கொண்டுபோய் விட்டுவிடுவேன் என்று உன் அம்மாவிடம் சொல்.

இப்படிக்கு,
உன் சித்தி