ரௌட்டரில் நான் திறந்த வழி

அண்ணே,

வீடு மாற்றுவதற்காகப் பழைய பையைக் கவிழ்த்தபோது நீல நிறத்தில் ஒரு நெட்வொர்க் கேபிள் துண்டு விழுந்தது. ஒரு முனையில் பிளக். மறுமுனை நீங்கள் கட்டிங் பிளேயரால் வெட்டியது.

தல்லாகுளத்து ரத்தப் பரிசோதனை லேபில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டது நாம் இரண்டு பேர்தான். அன்று காலை ரிசப்ஷன் மெஷின் எந்த ஃபைலையும் திறக்க விடாமல் பூட்டிக்கொண்டது; அடுத்து பில்லிங், அடுத்து ரிப்போர்ட். வெறும் வயிற்றோடு வந்தவர்கள் வரிசையில் நின்று சத்தம் போட்டார்கள். எவனோ கண்ட மெயிலைத் திறந்திருப்பான் என்று நான் எரிந்து விழுந்தேன். "இது வைரஸ் இல்லடா தம்பி, புழு. யாரும் எதையும் தொட வேணாம். பக்கத்து மெஷினை அதுவே தேடிப் போகும்" என்றபடி, பிளக்கைக் கழற்றக்கூட நிற்காமல் சர்வருக்குப் போகும் கேபிளை வெட்டினீர்கள். பழைய ரிப்போர்ட் எல்லாம் இருந்த சர்வர் அதனால்தான் பிழைத்தது.

நான் சொல்லாமல் விட்டது இது. பிரின்டர் நின்றால்கூட நான் அவனியாபுரத்து வீட்டிலிருந்து ஓடி வர வேண்டியிருந்தது. கடுப்பில், வீட்டிலிருந்தே உள்ளே நுழைய ரௌட்டரில் ஒரு வழியைத் திறந்து வைத்தேன். உங்களைக் கேட்கவில்லை. புழு நம்மைக் குறிவைத்து வரவில்லை. இன்டர்நெட்டில் முகவரி முகவரியாகத் தட்டிக்கொண்டே போகும். திறந்தால் ஏறும், ஏறிய இடத்திலிருந்து மறுபடி தட்டும். நம் முகவரியில் திறந்தது.

முதலாளி பென் டிரைவில்தான் வந்தது என்று முடிவு கட்டினார். பாட்டு ஏற்றிக்கொண்டு வரும் ரிசப்ஷன் பெண்ணைத்தான் பார்த்தார். அவள் அழ ஆரம்பித்தாள். "பொறுப்பு என்னோடது சார்" என்றீர்கள். அன்றே உங்களை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். சாப்பாட்டுப் பையோடு இறங்கும்போது படியில் என்னிடம் கேட்டீர்கள், ஏதாவது சொல்லணுமாடா என்று. இல்லண்ணே என்றேன். சரி, வாரேன் என்று போய்விட்டீர்கள்.

வழியை அடைக்க மேலே ஓடினேன். ஏற்கெனவே அடைத்திருந்தது. காலையிலேயே, உங்கள் லாகினில் என்று ரௌட்டர் பதிவு காட்டியது.

அதற்குப் பிறகு உங்களுக்கு நிலையான வேலை அமையவில்லை. நெஞ்சுவலியில் நீங்கள் போன செய்தி எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. போன மாதம் உங்கள் செல்லூர் வீட்டுக்குப் போனேன், எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான். மதினி காபி கொடுத்துவிட்டுக் கேட்டார்கள்.

"அன்னைக்கு அங்க என்னதான் தம்பி நடந்துச்சு? அவரு கடைசி வரைக்கும் வாயே தொறக்கல."

"பென் டிரைவ்ல வந்துருச்சு மதினி" என்றேன்.

யார் கொண்டு வந்த பென் டிரைவ் என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் யாரைச் சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும் அண்ணே. அதோடுதான் திரிகிறேன்.