ஆயிரத்து ஐந்நூறு மீட்டர்

நவம்பர் 3
நுரையீரல் மருத்துவர் அடித்துச் சொல்லிவிட்டார். ஆயிரத்து ஐந்நூறு மீட்டருக்கு மேல் இவர் ஏறக் கூடாது. மகள் வீடோ மலைமேல். பேத்தி பிறந்து இரண்டு மாதம் தாண்டிவிட்டது, இன்னும் முகம் பார்க்கவில்லை. "லிஃப்ட் மெக்கானிக்கா ஊரையே மேல ஏத்தினவன் நான். என்னைப் போய் ஏறாதேங்கறாரு." வழியெல்லாம் புலம்பல்.

நவம்பர் 5
வீடு எவ்வளவு உயரம் என்று மகளிடம் கேட்டேன். "சுமாரா ஆயிரத்து ஐந்நூறு இருக்கும்மா." சுமாராவாம்! அதை நம்பி எப்படிக் கிளம்புவது?

நவம்பர் 8
இவர் கைப்பேசியில் ஒரு செயலி போட்டிருக்கிறார். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையுமே, அதை வைத்து உயரத்தைக் கணக்குப் போடுகிறது. மாடிக்குப் போனேன், மூன்று மீட்டர் கூடியது. ஆயிரத்து ஐந்நூறைத் தொட்டால் திரும்பிவிடுவது என்று பேச்சு.

நவம்பர் 11
மழை. உட்கார்ந்த இடத்திலேயே வீடு ஐம்பது மீட்டர் உயர்ந்துவிட்டது! மழை நாளில் அழுத்தம் தானாக இறங்குமாம், நாம்தான் ஏறிவிட்டோம் என்று செயலி நினைத்துக்கொள்ளுமாம். அன்றைய கடல்மட்ட அழுத்தத்தை வானிலை அறிக்கையில் பார்த்துத் திருத்த வேண்டும். இவர் எண்ணைக் குறைத்தார். வீடும் இறங்கிவிட்டது.

நவம்பர் 16
வாடகைக் கார் பிடித்து மகள் வீட்டுக்குக் கிளம்பினோம்.
காரில் இவர்தான் கைப்பேசியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தார். "ஆயிரத்து நானூத்தி முப்பது. இன்னும் இருக்கு." அதே நேரம் சாலையோரப் பலகை: 1520 மீட்டர். திரும்பினால் இவர் உதட்டில் நீலம். கைப்பேசியைப் பிடுங்கினேன். கடல்மட்ட அழுத்தம் காலையில் நான் பார்த்த எண் இல்லை. வேண்டுமென்றே குறைத்திருக்கிறார்.
"என்னங்க இது?"
"பொய் இல்ல. கொஞ்சம் குறைச்சுச் சொன்னேன்."
"யாருகிட்ட? உங்க நுரையீரல்கிட்டயா?"
"புள்ளையப் பாக்கணும்டி..." அதற்குமேல் மூச்சு வாங்கியது.
வண்டியைத் திருப்பச் சொன்னேன். திட்டத்தான் வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது.
அடிவாரத் தேநீர்க்கடையிலிருந்து மகளுக்குப் போன் செய்தேன். குழந்தையோடு இறங்கி வந்தாள். வந்ததும் சண்டை. "நான் வர மாட்டேனாப்பா? ஒரு வார்த்தை கேட்டீங்களா?" இவர் குழந்தையிடம் கையை நீட்டினார். பேத்தி அவர் விரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

நவம்பர் 18
இருமல். மருத்துவரிடம் திட்டும் மாத்திரையும் வாங்கி வந்தோம்.

நவம்பர் 29
மகள் வந்திருக்கிறாள். ஒரு வாரம்தான் என்றாள். மாப்பிள்ளை வண்டியிலிருந்து தொட்டிலைத் துண்டு துண்டாக இறக்கினார். "குளிர் போற வரைக்கும் இங்கயே இருக்கட்டும், அத்தை." அதை எந்தப் பக்கம் போடுவது என்று இவரும் அவரும் இன்னும் வாதாடுகிறார்கள். குழந்தை என் மடியிலேயே தூங்கிவிட்டாள்.