நாலு கம்பிக்கு ஆறு கம்பி

ஜெரால்டு,

கஞ்சியும் சுட்ட கருவாடும் மூடி வைத்திருக்கிறேன். நான் நடவுக்குப் போகிறேன்.

கிட்டாரைக் கடைக்காரன் திருப்பி எடுக்க மாட்டானாம். நாலு கம்பி விலைக்கே ஆறு கம்பி கிடைக்கிறதே என்று வாங்கிவிட்டேன். நாலு கம்பி பேஸ் கிட்டார் வேறு, இது வேறு என்று நாற்றுப் பறிக்கிறவளுக்கு என்ன தெரியும்? "உன்னை யாரும்மா வாங்கச் சொன்னா?" என்று நேற்று கத்தினாய். பேஸ் இல்லாவிட்டால் பாட்டுக் குழுவில் உன் இடத்துக்கு வேறு ஆள் போட்டுவிடுவார்கள், நீ சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விடுவாய் என்றுதான் ஓடினேன்.

ஆம்ப்ளிஃபயர் வாங்க வேண்டாம். ஒத்திகைக்கும் கச்சேரிக்கும் மைக் செட் அண்ணனே தருகிறாராம்.

மதியம் சிங்கப்பூர் ஏஜெண்டு வருவான்.

அம்மா

இரண்டு கம்பியைக் கழற்றிவிட்டால் ஆகாதா?

ஆகாது என்றால், நீ தேடுகிற பாஸ்போர்ட் மாதா படத்துக்குப் பின்னால் இருக்கிறது. நான்தான் ஒளித்து வைத்தேன்.