பஜனை நோட்டில் என் பெயர்

மார்கழி 14, இரவு

அப்பாவின் பஜனை நோட்டை நான்தான் பார்த்து எழுதிக் கொடுப்பேன். போன வாரம் நானே கட்டிய காமாட்சி பாட்டு ஒன்றையும் பெயர் போடாமல் நடுவில் சேர்த்துவிட்டேன். இன்று விடியற்காலை வீதியில் அப்பா அதைப் பாடியபோது தெருவே மிதப்பதுபோல் இருந்தது. பனிக்குள்ளே அம்மனும் கூட நடந்து வருவதாகத் தோன்றியது.

“யார் பாட்டுடா இது? எந்த மகான் உருகிக்கினு எழுதினாரோ!” என்று அப்பாவைக் கேட்டார் பெரியப்பா. பெண்பிள்ளை பாட்டெழுதினால் பள்ளியை விட்டு நிறுத்திவிடு என்றவரும் அவர்தான்.

“மேல எழுதினவர் பேர் போட மறந்துட்டியாம்மா? எழுதி வை, காலைல அண்ணனுக்குக் காட்டணும்” என்று சாயங்காலம் என்னிடம் சொன்னார் அப்பா.

எழுதிவிட்டேன். என் பெயரைத்தான். எழுத்து கொஞ்சம் கோணிவிட்டது. அடிக்க மனமில்லை. நோட்டை அப்பாவின் ஜால்ராவுக்கு அடியில் வைத்துவிட்டு வந்து படுத்திருக்கிறேன்.