லண்டன் குங்குமம்

வல்லத்திராக்கோட்டை,
6-4-1963

மதிப்புக்குரிய ஆவுடையப்பன் அத்தான் அவர்களுக்கு, மாமன் மகள் செவந்தி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

இங்கே அத்தையும் நாங்களும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அந்தக் குளிரில் நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். நான் உங்களுக்குத் தனியாக எழுதுவது இதுதான் முதல் தடவை. அத்தைக்கும் அப்பாவுக்கும் இது தெரியாது. தெரிந்தால், பொம்பளைப் பிள்ளையை டீச்சர் வேலைக்கு அனுப்பினது தப்பாய்ப் போச்சு என்று வீடு இரண்டுபட்டுவிடும். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. விஷயம் கல்யாணம். அதுவும் உங்கள் கல்யாணம்.

பங்குனி பிறந்ததும் உங்கள் கவர் வந்தது. நான் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் அத்தை பொறுக்கமாட்டாமல் பிரித்துவிட்டார்கள். படிக்கத் தெரியாதவர்கள் எதற்குப் பிரிக்க வேண்டும் என்று கேட்காதீர்கள். உங்கள் எழுத்தைத் தடவிப் பார்க்க எப்போதும் பிரிப்பதுதான். உள்ளே மடித்த காகிதத்தில் சிவப்பாய் ஒரு பொடி இருந்தது. அவ்வளவுதான், அடுப்பில் உலை கொதிக்கிறதைக்கூடப் பார்க்காமல் எங்கள் வீட்டுக்கு ஓடி வந்துவிட்டார்கள்.

அத்தையைக் குற்றம் சொல்ல முடியாது. நீங்கள் சீமைக்குப் புறப்பட்ட அன்று திருக்கோகர்ணம் பிரகதாம்பாள் கோயில் குங்குமத்தைப் பொட்டலம் கட்டி உங்கள் பெட்டியில் வைத்தார்களாம். செவந்தியைக் கட்டிக்க எப்ப ஒனக்கு மனசு ஒப்புதோ அப்ப இதுல ஒரு சிட்டிகை கடுதாசியில வச்சு அனுப்பு, எழுத்துத் தெரியாத எனக்கு அது போதும் என்றார்களாம். நீங்களும் தலையை ஆட்டினீர்களாம். இது எனக்கே இப்போதுதான் தெரியும். நாலு வருஷமாக உங்கள் கவர் ஒவ்வொன்றையும் அத்தை ஏன் கவிழ்த்து உதறிப் பார்த்தார்கள் என்பதும் இப்போதுதான் விளங்கியது.

நான் வாசலில் கால் வைத்ததுதான் தாமதம், அத்தை என் முகத்தைப் பிடித்து நெற்றி நிறைய அந்தப் பொடியை அப்பி, எம்மகன் சம்மதம் சொல்லிட்டான்டி என்று கட்டிக்கொண்டு அழுதார்கள். என் அம்மாவும் அழுதாள். விராலிமலையில் ஒரு வாத்தியாருக்கு என்னைப் பெண் கேட்டிருந்தார்கள். அப்பா அந்த நிமிஷமே ஆள்விட்டு, எங்க பிள்ளைக்கு மாப்பிள்ளை அமைஞ்சாச்சு என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவர்களும் வேறிடத்தில் முடித்துக்கொண்டார்கள். அதற்காக நீங்கள் வருத்தப்பட வேண்டாம், அந்த மனிதர் மூக்குப்பொடி போடுகிறவர்.

அன்று சாயங்காலமே அய்யனார் கோயிலில் பொங்கல் வைத்தோம். அடுப்புச் சூட்டில் எனக்கு வேர்த்ததும் பொடி கரைந்து மூக்கிலும் கன்னத்திலும் ரோஸ் நிறத்தில் வழிந்தது. துடைக்கத் துடைக்கப் பரவியது. சீயக்காய், கடலைமாவு, புளி, எதற்கும் மசியவில்லை. மறுநாள் அந்த முகத்தோடுதான் பள்ளிக்கூடம் போனேன். டீச்சர் கூத்துக்கு வேஷம் கட்டியிருக்காங்க என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பேசிக்கொண்டன. ஊரில் அதற்கு லண்டன் குங்குமம் என்றே பேர் வைத்துவிட்டார்கள். நீங்கள் இருப்பது லண்டன் இல்லை என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்?

இந்த அமளியில் கடிதத்தைப் படிக்க யாருக்கும் தோன்றவில்லை, கோயிலிலிருந்து திரும்பித்தான் அதை எடுத்தேன். எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கவே படித்தேன். டாக்டர் பட்டம் முடிந்தாலும், செடிக்குள் தண்ணீர் எப்படி ஏறுகிறது என்ற ஆராய்ச்சியை அதே புரொபசரிடம் இன்னும் இரண்டு வருஷம் செய்யப் போவதாக எழுதியிருந்தீர்கள். அதற்குக் கீழே, இத்துடன் இருப்பது சாயப்பொடி, தண்ணீர் போகும் வழியை நாங்கள் இதை வைத்துத்தான் பார்க்கிறோம், செவந்தியிடம் கொடுங்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டட்டும், கையில் பட்டால் லேசில் போகாது என்று இருந்தது. அதைப் படித்தபோது என் முகம் இருந்த இருப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இதைக் கேட்டும் நம்பினார்களா என்றால் அதுதான் இல்லை. அத்தை சிரித்தார்கள். சாயமாவது மண்ணாவது, கல்யாணப் பேச்சை நேரே எழுத வெக்கப்பட்டுக்கிட்டு இப்படி எழுதியிருக்கான், செவந்திகிட்டக் குடுன்னு எழுதியிருக்கானா இல்லையா, அதை மட்டும் சொல்லு என்றார்கள். எழுதியிருக்கிறதே, நான் என்ன சொல்ல? அப்பாவும் அத்தை பக்கம் சேர்ந்துகொண்டார்.

சரி, கண்ணால் பார்த்தாலாவது ஒப்புக்கொள்வார்கள் என்று, பள்ளிக்கூடத்துத் தொட்டியிலிருந்து வெள்ளைப் பூப் பூக்கிற காசித்தும்பையை வேரோடு பிடுங்கிக் கழுவி, மிச்சப் பொடியைக் கரைத்த தண்ணீரில் வைத்து அவர்களுக்கு முன்னாலேயே செய்து காட்டினேன். அதன் தண்டு கண்ணாடி மாதிரி இருக்குமே, உள்ளே சிவப்பு நூல் நூலாக ஏறியது. பூவிதழில்கூட நரம்பு நரம்பாகச் சிவந்தது. எனக்கே மயிர்க்கூச்செறிந்தது, அத்தான். அத்தை அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, அம்பாள் பூவிலேயே வாக்குக் கொடுத்துட்டா, இன்னும் என்ன என்று கேட்டார்கள்.

பிள்ளைகளுக்கும் செய்து காட்டினேன். இலையை எல்லாம் உருவிவிட்ட தண்டில் சாயம் ஏறவே காணோம். இலையோடு வைத்ததில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறியது. அப்படியானால் வேர் தள்ளுவதைவிட இலை இழுப்பதுதான் அதிகமா? பனைமரத்து உச்சிக்கும் இப்படித்தான் போகிறதா? அப்பா கேட்பது வேறு. கிணத்துத் தண்ணிய மேலே ஏத்த ஆயில் எஞ்சினும் டீசலும் வேண்டியிருக்கு, புளியமரம் சும்மா ஏத்துது, அந்த வித்தையை மாப்பிள்ளை நமக்கும் சொல்லித் தரட்டும் என்கிறார். மாப்பிள்ளை என்றுதான் இப்போது வாய் நிறையச் சொல்கிறார். கண்மாய் வறண்டு கிடக்கிறது, அவர் கவலை அவருக்கு.

இனி நான் எழுத வந்த விஷயம். ஆவணியில் முகூர்த்தம் பார்த்துவிட்டார்கள். புறப்பட்டு வரச்சொல்லி அத்தை யாரையோ வைத்து உங்களுக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டிருக்கிறார்கள். என்னை எழுதச் சொல்லவில்லை, கல்யாணப்பெண் எழுதக்கூடாதாம். அதைப் படித்ததும் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். ஐயையோ, ஊரறிய இப்படி ஆகிவிட்டதே, இனி மறுத்தால் செவந்தி பேர் கெட்டுப்போகுமே என்று படிப்பை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பி வருவீர்கள். உங்கள் குணம் அப்படி. தயவுசெய்து அப்படி வராதீர்கள். என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு ஒருத்தர் தாலி கட்ட, ஆயுசு முழுக்க அவருக்குச் சோறு போட என்னால் ஆகாது. நான் சம்பளம் வாங்குகிறவள். ஊர் வாய் நாலு மாதம் பேசும், அப்புறம் வேறு யாரையாவது பிடித்துக்கொள்ளும்.

ஆனால் உள்ளதையும் சொல்லிவிடுகிறேன். அத்தை நெற்றியில் வைத்ததிலிருந்து நான் உங்கள் கடிதத்தைப் படித்த வரைக்கும் இருந்த சந்தோஷம் என் வாழ்நாளில் அதுவரை பட்டதில்லை. பொங்கப் பானைக்கு முன்னால் உட்கார்ந்து புகையிலும் சிரித்துக்கொண்டே இருந்தேனாம், அம்மா சொல்லிக் காட்டுகிறாள். செவந்தியிடம் கொடுங்கள் என்ற வரியை எத்தனை தடவை படித்தேன் என்று மட்டும் கேட்காதீர்கள். வெட்கங்கெட்டவள் என்று நினைத்தாலும் சரி. எனக்கு உங்களைப் பிடிக்கும். நீங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புதுக்கோட்டை ரயிலடிக்குப் போன நாளுக்கும் முன்னாலிருந்தே பிடிக்கும்.

ஆராய்ச்சியைப் பாதியில் விடச் சொல்லவில்லை. இன்னும் இரண்டு வருஷம் இரு செவந்தி என்று நீங்கள் சொன்னால் இருப்பேன். நீங்கள் ஒன்றும் சொல்லாமலே நானாகக் காத்திருக்க முடியாது. பள்ளிக்கூடம் லீவு விடுவதற்குள் பதில் போடுங்கள். ஆவணிக்குப் பந்தக்கால் மரம் பார்க்க வேண்டும் என்று அப்பா இப்போதே கிளம்பிவிட்டார்.

அத்தைக்கு முழங்கால் வலி தேவலை. நீங்கள் எந்த முடிவு செய்தாலும் பிரகதாம்பாள் உங்களைக் குறைவில்லாமல் வைக்கட்டும், இதை மனசார எழுதுகிறேன்.

வேண்டாம் என்றால் அத்தை பேருக்கே எழுதுங்கள். எப்போதும்போல நான்தான் படித்துக் காட்டுவேன். குரல் நடுங்காமல், ஒரு வார்த்தை விடாமல் படிப்பேன், பயப்பட வேண்டாம். சம்மதம் என்றால் என் பேருக்கு, பள்ளிக்கூட விலாசத்துக்கு எழுதுங்கள். அதை நான் ஒருத்தருக்கும் படித்துக் காட்டமாட்டேன்.

இப்படிக்கு,
தபால்காரரை எதிர்பார்த்திருக்கும்
செவந்தி